தறித்தவனும் தறிப்பித்தவனும்

வினைமுதலைப் பற்றிப் பாடம் நடத்தும் தமிழாசிரியர் எவரும் இரண்டு உதாரணங்களைக் கூறாது அப்பாடத்தை முடிப்பதில்லை. தச்சன் கோயில் கட்டினான் என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. அரசன் கோயில் கட்டினான் என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. இரண்டு வாக்கியங்களும் பிழையற்றவை. ஒரு கல்லையேனும் தூக்கியறியாத அரசனுக்கும் 'கட்டினான்' என்னும் வினையை இலக்கணம் தயக்கமின்றி வழங்குகிறது. மாணவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். அவர்கள் வீட்டிலும் இதே வழக்குத்தான். அப்பா வீடு கட்டினார், மாமா கிணறு வெட்டினார் என்றே பேசக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். மேசனும் கிணறு வெட்டிய கூலியாட்களும் அவ்வாக்கியங்களில் எங்கும் இல்லை.

கட்டிய மதில் அயலவரின் ஆட்டுக்கொட்டிலின்மீது சரிந்து விழும் அன்று மட்டும் இவ்விலக்கணம் மாறிவிடுகிறது. அன்றைக்கு வீட்டுக்காரரின் வாயில் ஏவுதற் கருத்தா மறைந்து, இயற்றுதற் கருத்தா எங்கிருந்தோ வந்து நிற்கிறான். 'நானா கட்டினேன்? மேசனல்லவா கட்டினான்' என்கிறார் அவர். நன்மை விளையும்போது ஏவியவனுக்கும் தீமை விளையும்போது இயற்றியவனுக்கும் வினையைச் சேர்த்துவிடும் இவ்வழக்கம் எவ்வளவு நீதியானது? இக்கேள்வியை மரம் தறிக்கும் தொழில் என்ற ஒரு சிறு துறையினுள் நின்று ஆராய விரும்புகிறேன். பெரிய துறைகளில் இக்கேள்வி பலவற்றோடு சிக்குண்டு கிடப்பது; ஒழுங்கையோர மரத்தில் அது வெளிச்சமாகத் தெரிவது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மரம் தறிப்பது இன்று அன்றாடக் காரியமாகிவிட்டது. சீதனத்துக்காகத் துண்டாடப்பட்ட வளவுகள் இரண்டு பரப்பாகவும் ஒன்றரைப் பரப்பாகவும் சுருங்கியுள்ளன. பாட்டன் காலத்தில் வளவின் மூலையில் நின்ற பனை இன்று பேரனின் சுவரோடும் அயல்வீட்டுக் குசினியோடும் ஒட்டி நிற்கிறது. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் தம் காணிகளுக்குத் துண்டு துண்டாகவே திரும்பினர். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017ஆம் ஆண்டிலேதான் விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகளாக மனிதர் வாழாத நிலத்தில் மரங்கள் வாழ்ந்திருந்தன. இடிந்த வீட்டின் நிலத்தைப் பிளந்துகொண்டும் சுவரைத் தழுவிக்கொண்டும் வளர்ந்திருந்தன. 2020 டிசம்பரில் வீசிய புரெவிப் புயலைப் போன்ற ஒவ்வொரு புயலின் பின்னும், கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் மரத்தை அண்ணாந்து பார்த்துப் பயப்படாதார் இல்லை. ஆகவே மரம் தறிப்போருக்கு வேலையுண்டு. முன்னர் கோடரியும் கயிறுமாக வந்தவர்கள் இப்போது பெற்றோலில் ஓடும் வாளோடு உழவு இயந்திரத்தில் வருகின்றனர். ஒருவர் கொந்தராத்து எடுக்கிறார். நாட்கூலிக்கு நால்வர் ஏறி இறங்குகின்றனர்.

இத்தொழிலின் நுட்பத்தைச் சிறிதளவேனும் அறியாமல் அதன் நீதியைப் பேச இயலாது. வெளியான நிலத்தில் நிற்கும் மரத்தை ஒரே வெட்டில் சாய்க்கலாம். வீட்டுக்கும் மதிலுக்கும் இடையே நிற்கும் மரத்தை அவ்வாறு செய்யலாகாது. ஒருவர் மேலே ஏறி, கொப்புக் கொப்பாக வெட்டி, ஒவ்வொன்றையும் கயிற்றிற் கட்டிக் கீழே இறக்குதல் வேண்டும். பனையாயின் தலையை முதலில் இறக்கி, பின் உடலைத் துண்டு துண்டாக அறுத்து இறக்குதல் வேண்டும். கயிறு பிடிக்கக் கீழே ஆட்கள் வேண்டும். காற்று எழுந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருத்தல் வேண்டும். அரை நாளில் முடியக்கூடியது இரண்டு நாளாகும். இருவர் செய்யக்கூடியதற்கு ஐவர் தேவைப்படுவர். அயலவரின் கூரையைக் காப்பாற்றுவது இந்த மேலதிக ஒன்றரை நாளும் மூன்று ஆட்களும் நல்ல கயிறுமேயாம். வேறு எதுவுமன்று.

விலை பேசும்போது வெட்டுண்பதும் இதுவே. வீட்டுக்காரர் ஐயாயிரம் குறை என்கிறார். கொந்தராத்துக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொள்கிறார். அவ்வையாயிரம் எங்கிருந்து குறைந்தது என்று அவர் கேட்பதில்லை, இவரும் கூறுவதில்லை. ஒரு ஆள் குறைந்துவிட்டான். ஒரு நாள் குறைந்துவிட்டது. இருவரும் சேர்ந்து மூன்றாமவர் ஒருவரின் கூரையைப் பணயமாக வைத்துவிட்டார்கள். அந்த மூன்றாமவரோ வேலிக்கு அப்பால் சோறு வடித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஒழுங்கையில் நிகழ்ந்ததொன்றை இங்கே கூறுவது பொருந்தும். மரத்துக்கு உரியவர் ஓர் ஆசிரியர், தொழிற்சங்கத்தில் உழைத்தவர், உழைப்பின் மேன்மை குறித்து மேடையில் நன்றாகப் பேசக்கூடியவர். அவரது வளவின் எல்லையில் நின்ற பழைய மாமரம், தறிக்கும்போது எதிர்த்திசையில் திரும்பிப் பக்கத்து வளவில் விழுந்தது. ஓட்டுக் கூரையிட்ட குசினி ஒருபுறம் நொறுங்கியது, கிணற்றுக்கட்டும் உடைந்தது. அவ்வீட்டில் இருந்தவர் கணவனை இழந்த ஒரு பெண். அவரிடம் ஆசிரியர் சொன்னார்: "அக்கா, நான் முழுக் கொந்தராத்தும் குடுத்திட்டன். இனி நீங்கள் அவரோடைதான் கதைக்கவேணும்." அப்பெண் திருப்பிக் கேட்டார்: "மாஸ்டர், அந்தப் பெடியளை நான் எங்கை போய்த் தேடிறது? விழுந்தது உங்கடை மரமெல்லே?"

கொந்தராத்துக்காரரைக் கேட்டபோது அவர் முதலிற் காற்றைக் குறை சொன்னார். பின்னர், "ஐயா, ரெண்டு நாள் வேலையெண்டு நான் முதலே சொன்னனான். நீங்கள்தான் ஒரு நாளிலை முடியெண்டனீங்கள்" என்றார். அது உண்மையே. பிணக்கு மத்தியஸ்த சபைக்குப் போயிற்று. அங்கே திருத்த வேலைச் செலவை ஆசிரியரும் கொந்தராத்துக்காரரும் பாதிப் பாதியாக ஏற்பதென இணக்கம் கண்டனர். இணக்கப் பத்திரத்திற் கையெழுத்திட்டவர் மூவர். தம் பாதியைக் கொந்தராத்துக்காரர் எங்கிருந்து எடுத்தார் என்பது பிறகே தெரியவந்தது. கயிறு பிடித்த இரு இளைஞரின் கூலியிலிருந்து வாரா வாரம் கழித்திருக்கிறார். அவர்களை எவரும் சபைக்கு அழைக்கவில்லை. அழைக்கவேண்டுமென எவருக்கும் தோன்றவுமில்லை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதை நோக்குவது பயனுடைத்து; பயன் மட்டுமன்று, வியப்புமுடைத்து. இலங்கையில் ஒருவர் மற்றொருவரின் உடைமைக்கு விளைக்கும் சேதம் பற்றிய சட்டம், ஒல்லாந்தர் விட்டுச் சென்ற உரோமன் டச்சுச் சட்டத்தின் வழி வருவது. அதன் வேர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் அக்குவிலியச் சட்டம். கவனயீனம் என்றால் யாது என்பதை உரோமச் சட்ட அறிஞர் விளக்கப் புகுந்தபோது எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற உதாரணம் எது தெரியுமா? மரத்தின் மேல் ஏறிக் கொப்பு வெட்டும் ஒருவன்தான். கொப்பு கீழே விழுந்து வழிப்போக்கனைக் கொன்றுவிடுகிறது. பொது வழியருகே வேலை செய்தவன் கீழே நிற்போர் விலகுமாறு கூவினானா என்று கேட்கிறார் பவுலஸ் என்னும் அறிஞர். தனியார் நிலமாயினும் குற்றம் உண்டாகலாம், முயற்சியுள்ள ஒருவன் முன்னுணரக்கூடியதை முன்னுணராமையே கவனயீனம் என்று அவருக்கு முன் மூசியஸ் வகுத்த கருத்தையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். இன்று நம் மாவட்ட நீதிமன்றங்களில் வழக்கறிஞர் பேசும் கவனயீனம் அந்த மரத்திலிருந்து இறங்கி வந்ததே.

ஆனால் அவ்வுதாரணத்தில் இன்னொன்று உண்டு. கி.பி. 533இல் யஸ்டீனியன் மன்னன் வெளியிட்ட சட்டப் பாடநூலில், அக்கொப்பு விழுந்து இறப்பவன் ஓர் அடிமை. வழக்குத் தொடுப்பவன் அவனுடைய எசமான். அதாவது இதுவும் உடைமைச் சேத வழக்கே! கொல்லப்பட்ட அடிமைக்குக் கடந்த ஓராண்டில் இருந்த அதியுயர் விலையைக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. சேதம் விளைத்தவன் அடிமையாயின் அவனுடைய எசமானுக்கு இரண்டு வழிகள் இருந்தன. நட்டத்தைச் செலுத்தலாம், அன்றேல் அவ்வடிமையையே நட்டமடைந்தவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவலாம். வேலை வாங்கியவன் தன் நட்டத்தின் எல்லையைத் தன் ஆளின் உடம்பளவில் நிறுத்திக்கொள்ளச் சட்டமே வழி செய்தது. கூலியிற் கழித்துக்கொள்ளும் நம் கொந்தராத்துக்காரர் உரோமச் சட்டம் படித்தவரல்லர். படிக்காமலே அதன் நெறியைக் கண்டடைந்திருக்கிறார்.

இது உரோமாபுரிக்கு மட்டும் உரிய கதையென்று நாம் மகிழ்ந்துகொள்வதற்கில்லை. 1707ஆம் ஆண்டில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பிய தேசவழமை, எல்லையோர மரத்தின் பயன் எவருக்கு என்பதையும் பேசுகிறது. அடிமைகளைப் பற்றியும் ஓர் அதிகாரம் வகுக்கிறது. மரமேறிப் பிழைத்த மக்களும் அவ்வதிகாரத்தினுள் அடங்கினர். மரமும் மரமேறுபவனும் ஒரே உடைமைப் பட்டியலில் இருந்த காலம் அது. 1844இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. சட்டம் ஒழித்ததைப் பழக்கம் எவ்வளவு காலம் காப்பாற்றி வைத்திருந்தது என்பதை யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளும் கோயில் வாயில்களும் 1960களிலும் காட்டின. மரம் தறிக்க இன்று வரும் இளைஞனை எவரும் பழைய சொற்களால் அழைப்பதில்லை. 'தம்பி' என்றே அழைக்கின்றனர். ஆனால் தவறு நேர்ந்ததும் அது யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதில் பழைய ஏணி இன்னும் முற்றாக விழுந்துவிடவில்லை.

புதிய சட்டம் அடிமை என்ற சொல்லை நீக்கிவிட்டு, ஊழியன் என்றும் சுயாதீன ஒப்பந்தக்காரன் என்றும் இருவகை வகுக்கிறது. ஊழியன் தன் வேலையின்போது செய்த தவறுக்கு எசமான் பொறுப்பு. சுயாதீன ஒப்பந்தக்காரனின் தவறுக்குப் பொதுவாக வேலை கொடுத்தவர் பொறுப்பல்லர். அவர்தாமும் கவனயீனமாக நடந்திருந்தாலன்றி. இங்கிலாந்தில் 1969இல் தீர்க்கப்பட்ட சால்ஸ்பரி எதிர் வுட்லண்ட் என்னும் வழக்கு நம் ஒழுங்கை வழக்குக்கு மிக நெருங்கியது. வீட்டு முன்றிலில் நின்ற ஒரு மரத்தை அகற்ற வீட்டுக்காரர் தேர்ந்த தொழிலாளர் ஒருவரை அமர்த்தினார். மரம் தொலைபேசிக் கம்பிகளை அறுத்துக்கொண்டு விழுந்தது. வீதியிற் கிடந்த கம்பியை அகற்றச் சென்றவர், விரைந்து வந்த காருக்குத் தப்ப நிலத்தில் விழுந்து பெருந்தீங்குற்றார். கீழ் நீதிமன்றம் வீட்டுக்காரரையும் பொறுப்பாளியாக்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. தேர்ச்சியுள்ளவரிடம் வேலையை ஒப்படைத்தார். அதற்கு மேல் அவர் செய்யவேண்டியதில்லை என்பது அதன் சாரம். ஆயினும் அதே நாட்டில் 1876இல், பவர் எதிர் பீற் என்னும் வழக்கில், வேறொரு குரல் ஒலித்திருந்தது. அயலவரின் வீட்டைத் தாங்கிநின்ற நிலத்தைத் தோண்டும் வேலை அது. இயல்பாகவே பிறருக்குத் தீங்கு விளைக்கக்கூடிய வேலையை ஏவியவர், அத்தீங்கு நேராதபடி பார்த்துக்கொள்ளும் கடமையைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டுத் தப்ப முடியாது என்றது நீதிமன்றம்.

சட்டத்தில் எக்குரல் வெல்லும் என்பதை நீதிபதிகளுக்கு விடுவோம். அறத்தில் 1876ஆம் ஆண்டுக் குரலே வலிமையுடையது என்பது என் துணிபு. தன் வளவில் வெளிச்சம் வேண்டியவர் யார்? மரம் போனால் கூரைக்கு ஆபத்து நீங்குவது யாருக்கு? விலை பேசி நாளைக் குறைத்தவர் யார்? இம்மூன்று கேள்விக்கும் விடையாக நிற்பவர், நான்காவது கேள்விக்கு மட்டும் 'அவரைக் கேளுங்கள்' எனலாமா? சேதமடைந்த பெண் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடவில்லை. கொந்தராத்துக்காரரை அவர் தேர்ந்தெடுக்கவுமில்லை. ஆகவே அவருக்கு நேரே நின்று பதில் கூறவேண்டியவர் மரத்துக்கு உரியவரே. முதலில் அவர் ஓட்டை வாங்கிக் கூரையைப் போடட்டும். மழை ஒப்பந்தப் பத்திரத்தைப் பார்த்துப் பெய்வதில்லை. கொந்தராத்துக்காரரோடு அவர் பின்னர் கணக்குத் தீர்க்கலாம். அது அவர்கள் இருவருக்குமிடையே உள்ள காரியம்.

இவ்விடத்தில் மனுநீதிச் சோழனின் கதை நினைவுக்கு வருகிறது. நீதிக்கு உதாரணமாக அக்கதையை நாம் ஓயாது கற்பிக்கிறோம். கன்றைக் கொன்ற மகன்மீது தேரை ஊர்ந்த மன்னனின் நேர்மையைப் புகழ்கிறோம். சேக்கிழார் கூறும் கதையில் மன்னன் முதலில் அச்செயலை ஓர் அமைச்சனிடம் ஏவினான் என்பதையும், ஏவிய அதனைச் செய்யவொண்ணாது அவ்வமைச்சன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான் என்பதையும், அதன்பின்னரே மன்னன் தானே தேரேறினான் என்பதையும் வகுப்பில் எத்தனை பேர் நிறுத்திக் கூறுகிறோம்? தன் கடமையின் கடினமான பகுதியை ஏவலாக மாற்றியபோது முதலில் விழுந்த உயிர் ஏவப்பட்டவனுடையது. கதையில் இறைவன் தோன்றி மூவரையும் எழுப்பிவிடுகிறார். ஒழுங்கையில் அவ்வாறு எவரும் வருவதில்லை.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ளவேண்டும். 'தொழிலாளி செய்யும் எத்தவறுக்கும் அவன் பொறுப்பில்லையா? அப்படியானால் கவனமாகச் செய்பவனுக்கும் கவனமின்றிச் செய்பவனுக்கும் வேறுபாடென்ன?' என்று கேட்பர். நியாயமான கேள்வி. தொழிலாளியை எப்போதும் அறியாப் பிள்ளையாகவே கருதுவதும் ஒருவகை அவமதிப்பே. காற்றின் போக்கையும் மரத்தின் உள்ளுக்குத் தறையையும் கண்ணாலேயே மதிப்பிடும் அறிவு அவனுடையது. அவ்வறிவுக்குரிய பெருமையை ஏற்பவன் அதற்குரிய பொறுப்பையும் ஏற்கவே விரும்புவான். குடித்துவிட்டு ஏறினால், கயிறு இற்றுப்போயிருப்பதைக் கண்டும் கட்டினால், அது அவன் தவறு. ஆனால் கயிறு வாங்கியவன் அவனல்லன். 'இன்றைக்கு வேண்டாம், காற்று அதிகம்' என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருந்ததா என்பதே உரைகல். சொல்லியிருந்தால் அன்றைய கூலி போயிருக்கும். நாளை வேறொருவன் வந்திருப்பான். மறுக்கும் உரிமை இல்லாதவனிடம் பொறுப்பு மட்டும் முழுமையாக இருக்க முடியாது. பொறுப்பு, முடிவெடுக்கும் அதிகாரத்தின் அளவுக்கே செல்லும். கொந்தராத்துக்காரருக்கு அவ்வதிகாரம் ஓரளவு உண்டு, மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். விலை பேசிய வீட்டுக்காரருக்கோ அது நிரம்ப உண்டு.

அரசாங்கம் இதில் என்ன செய்கிறது என்று கேட்கத் தோன்றும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. பிரதேச செயலகத்துக்கும் கிராம அலுவலரிடமும் நடையாய் நடந்து அனுமதி பெறவேண்டும். நல்ல சட்டமே. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் எண்ணற்ற பனைகளை இழந்த குடாநாட்டில் அதன் அருமை விளக்கவேண்டியதன்று. (அப்பனைகளின் உடைமையாளருக்கு எவர் பதில் கூறினர் என்ற கேள்வி ஒரு தனிக் கட்டுரைக்குரியது.) ஆனால் அச்சட்டத்தின் கவலை மரத்தைப் பற்றியது. மரம் எந்தப் பக்கம் விழும் என்பதைப் பற்றியதன்று. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 முதல் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு வளவென்று அலையும் கயிறு பிடிப்பவன் அதன் படியை ஏறிக் கண்டவர் அரியர். மத்தியஸ்த சபைகளோ, 1988ஆம் ஆண்டின் சட்டப்படி, தீர்ப்புச் சொல்வதில்லை. வந்திருப்போரை இணங்கவைப்பதே அவற்றின் பணி. வாராதிருப்போரின் இழப்பு அங்கே பேசப்படுவதற்கு வழியில்லை. சபையினரில் ஒருவரேனும் 'இந்தப் பாதியை நீங்கள் யாரிடமிருந்து எடுக்கப்போகிறீர்கள்?' என்று ஒருமுறை கேட்டால் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

செய்யக்கூடியவை சில உள. அயல்வீடு இடிந்து விழுமென அஞ்சுபவர் சேதம் நேருமுன்னரே பிணை கேட்கலாம் என்ற விதி உரோமச் சட்டத்தில் இருந்தது. அது நமக்கு அந்நியமானதன்று. மரம் தறிக்கும் முதல் நாள் வேலியோரம் நின்று, 'நாளைக்கு மரம் தறிக்கிறோம். ஏதும் உடைந்தால் நான் பார்த்துக்கொள்வேன்' என்று அயலவரிடம் சொல்வதே அப்பிணை. அவ்வாறு சொன்னவர் விலை பேசும்போது வேறு விதமாகப் பேசுவார். ஐயாயிரத்தைக் குறைக்குமுன் ஒருமுறை வேலிக்கு அப்பால் உள்ள ஓட்டுக் கூரையைப் பார்ப்பார்.

மற்றொன்று தொழிலாளர் தாமே செய்யவேண்டியது. கள்ளிறக்கும் தொழிலாளர் ஒருகாலத்தில் தவறணைக் குத்தகைக்காரரின் கையில் அகப்பட்டுக் கிடந்தனர். 1970களில் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டனர். இன்றைய பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் அவ்வழி வந்தவையே. அவற்றுக்குக் குறைகள் இல்லையென்று கூறமாட்டேன். ஆயினும் தனியொருவனாக ஏறி இறங்கியவன் ஒரு சங்கத்தின் அங்கத்தவனாகப் பேசக் கற்றது அங்கேதான். மரம் தறிப்போருக்கும் அத்தகைய சங்கம் ஏன் கூடாது? நல்ல கயிறும் வாளும் சங்கத்தின் உடைமையாயிருக்கும். ஒவ்வொரு மரத்தின் கூலியிலும் ஒரு சிறு பங்கு பொது நிதிக்குச் செல்லும். ஓடு உடைந்தால் அந்நிதி கொடுக்கும். 'காற்று அதிகம், இன்றைக்கு ஏறமுடியாது' என்ற சொல்லை ஒரு தனி ஆள் அல்ல, சங்கம் சொல்லும். அதற்கு வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் மரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கவேண்டியிருக்கும். இதனை எங்கள் ஒழுங்கையில் நான் எடுத்துரைத்தபோது பலர் நல்ல யோசனை என்றனர். கூடுதலாக எவ்வளவு வரும் என்று உடனே கேட்டவர் அந்த ஆசிரியரே.